யாருக்குக் கேட்கிறது?

ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலவாக்கலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கப் போய் இருபது வருஷமாகிற அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் போன். அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். மலையில் நிற்கும்போது படங்குக்குள் செருகிக்கொள்வதற்காக.

"சேர், ஒன்னு கேக்கணும். நாம பேசுறதையெல்லாம் இந்தப் போன் கேட்டுக்கிட்டே இருக்குமாமே, நெசமா?"

நடந்தது இதுதான். முந்தின வாரம் ஒரு இரவு, குளிருக்கு ரெண்டு கம்பளி வாங்க வேண்டும் என்று தன் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். போன் பக்கத்தில் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் பேஸ்புக்கைத் திறந்தால் கம்பளி விளம்பரம். அன்றிலிருந்து வீட்டு விசயம் பேசும்போது போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிடுகிறாராம்.

லயத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒட்டுக்கேட்பது என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். கடன், கல்யாணம், சண்டை எதைப் பேசினாலும் குரலை இறக்கித்தான் பேச வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அதனால் அந்த அக்காவின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அனுபவத்திலிருந்து வருகிற கேள்வி அது. அதற்குச் சரியான பதில் சொல்வதென்றால் போனின் காது எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போனின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சார்ஜ் வயர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவில் ஒரு ஓட்டை இருக்கும். சிம் கழற்றும் ஊசியை இதற்குள் விட்டுக் குத்தி மைக்கைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த ஓட்டைக்கு உள்ளே, சில மில்லிமீற்றர் அகலமே உள்ள ஒரு பெட்டிக்குள், சிலிக்கனில் செதுக்கிய ஒரு சவ்வு இருக்கிறது. தடிப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிப்பு அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். சவ்வுக்கு எதிரே துளைகள் கொண்ட ஒரு தகடு அசையாமல் நிற்கிறது. நாம் பேசும்போது காற்று அதிர, சவ்வும் அதிர்கிறது. சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி கூடிக் குறைய, அங்கே மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் திறனும் மாறுகிறது. அந்த மாற்றம்தான் குரல். பெரும்பாலான போன்களில் இப்படி இரண்டு மூன்று மைக் இருக்கும். வாய்க்குப் பக்கத்தில் இருப்பது பேச்சையும், மேலேயோ பின்னாலோ இருப்பது சுற்றுச் சத்தத்தையும் பிடிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துத்தான் காற்றிலும் மழையிலும் நம் பேச்சு மறுமுனைக்குத் தெளிவாகப் போகிறது. பொலித்தீன் உறைக்குள் வைத்துப் பேசினால் குரல் அடைத்துக் கேட்பதும், அரிசி வாளிக்குள் வைத்தால் குறைவாகக் கேட்பதும் உண்மைதான். அக்காவின் வைத்தியத்தில் பிழை இல்லை. வியாதியைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாள் முழுவதும் போன் நம் பேச்சைப் பிடித்து எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறதா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சவ்வின் அசைவை விநாடிக்கு 16,000 தடவை அளந்தால் மனிதப் பேச்சு தெளிவாகப் பதிவாகிவிடும். ஒவ்வோர் அளவையும் அப்படியே எழுதிவைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 115 மெகாபைட். இணையவழி அழைப்புகளில் செய்வதுபோல் நன்றாகச் சுருக்கி, விநாடிக்கு 24 கிலோபிட் அளவுக்குக் கொண்டுவந்தாலும் மணித்தியாலத்துக்கு 10.8 மெகாபைட். ஒரு நாளுக்கு 260 மெகாபைட்டுக்குக் கிட்ட. மாதத்துக்கு ஏழு ஜிகாபைட்டுக்கு மேல். நூறு ரூபா ரீலோடைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில் இப்படி ஒரு ஓட்டை விழுந்தால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். எந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்தது என்று போனே கணக்கு வைத்திருக்கிறது. நாங்கள் திறந்து பார்த்தோம். பேஸ்புக் எடுத்ததும் யூடியூப் எடுத்ததும் வீடியோ பார்த்த கணக்குக்குச் சரியாக இருந்தது.

இந்தக் கணக்கு முழுச் சாட்சி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சைப் போனுக்குள்ளேயே எழுத்தாக மாற்றி எழுத்தை மட்டும் அனுப்பினால் அது மிகச் சிறியது. ஆனால் அந்த மாற்றம் இடைவிடாமல் நடந்தால் போன் சூடாகும், பற்றரி மத்தியானத்துக்கே இறங்கிவிடும். அமெரிக்காவில் பொஸ்டன் நகரிலுள்ள நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ரொய்ட் செயலிகளைச் சோதித்தார்கள். தானாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை. அவர்கள் எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது. சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படமாகப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. எல்லாரும் காதைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, கண் வேலை செய்திருக்கிறது.

அப்படியென்றால் கம்பளி விளம்பரம் எங்கிருந்து வந்தது? அந்தப் போன் அக்காவுடையது என்றாலும் பாவிப்பது வீடே. மகன் படிக்கிறான், விளையாடுகிறான். தங்கச்சி பேஸ்புக் பார்க்கிறார். கூகுள் கணக்கில் பழைய தேடல்களைத் திறந்தோம். அன்று இரவு ஒன்பது மணிக்குப் பிறகு 'கம்பளி விலை' என்று யாரோ தேடியிருந்தார்கள். மகனைக் கூப்பிட்டுக் கேட்டதும் தலையைச் சொறிந்தான். அம்மா தங்கச்சியிடம் சொன்னதை அடுத்த காம்பராவிலிருந்து கேட்டவன் அவன்தான். எவ்வளவு ஆகும் என்று பார்த்திருக்கிறான். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் தலையில் கையை வைத்துத் தடவினார்.

எல்லா விளம்பரத்துக்கும் இப்படிக் கையும் களவுமாகக் காரணம் அகப்படாது. ஒரே வைஃபையில் இருப்பவர்கள் தேடியது, நாம் நிற்கும் ஊர், பருவம், வயது, நம் நம்பரை வைத்திருப்பவர்கள் வாங்கியது, ஒரு படத்தில் நம் விரல் எத்தனை விநாடி நின்றது, இவையெல்லாம் சேர்ந்து நம்மைப் பற்றி ஒரு ஊகம் போடுகின்றன. ஐப்பசியில் நுவரெலியா மாவட்டத்தில் இருக்கும் ஒருவருக்குக் கம்பளியைக் காட்ட ஒட்டுக்கேட்கவே வேண்டியதில்லை.

பயமே தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு என்கிறேன். மைக்கைத் தப்பாகப் பயன்படுத்திய கதைகள் உண்டு. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கதவைத் திறந்துவிட்டது பாவனையாளரின் விரல்தான்.

இந்தியாவில் உருவான சில்வர்புஷ் என்ற விளம்பரத் தொழில்நுட்பத்தைப் பாருங்கள். தொலைக்காட்சி விளம்பரத்தோடு 18,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒரு மெல்லிய ஒலியைக் கலந்துவிட்டார்கள். வளர்ந்தவர்கள் பெரும்பாலோரின் காதுக்கு அது எட்டாது. ஆனால் போனின் மைக்குக்கு எட்டும். ஏதோ ஒரு செயலிக்குள் ஒளிந்திருக்கும் நிரல் அதைக் கேட்டு, இந்தப் போனின் ஆள் இன்ன விளம்பரத்தைப் பார்த்தார் என்று அறிவித்தது. பேச்சைப் பதிவு செய்வது அதன் நோக்கமில்லை. ஆனாலும் காதைத் திறந்துவைத்துத்தான் அது நடந்தது. 2016 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த நிரலைச் சேர்த்திருந்த 12 செயலி நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மறு வருஷம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் தேடியபோது 234 ஆண்ட்ரொய்ட் செயலிகளில் அது இருந்தது.

ஸ்பெயினில் லா லீகா கால்பந்துச் சங்கத்தின் செயலி மைக் அனுமதியும் இருப்பிட அனுமதியும் கேட்டது. ஆட்ட நேரத்தில் மைக்கைத் திறந்து, சுற்றிலும் கேட்கும் ஒளிபரப்பின் ஒலியை அடையாளம் கண்டு, சந்தா கட்டாமல் ஆட்டத்தைக் காட்டுகிற மதுக்கடைகளைப் பிடிப்பதற்காக அதைப் பயன்படுத்தினார்கள். ரசிகர்களின் போன்கள் அவர்களுக்கே தெரியாமல் வேவுகாரர்களாகிவிட்டன. பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2019இல் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு முகமை 250,000 யூரோ அபராதம் விதித்தது. சங்கம் அதை ஏற்கவில்லை. பேச்சைத் தாங்கள் கேட்கவே இல்லை என்பது அவர்கள் வாதம்.

மலையக வீடுகளுக்கு இன்னும் கிட்டத்தில் வரும் கதை டூடொக் என்ற அழைப்புச் செயலியுடையது. வளைகுடா நாடுகள் சிலவற்றில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை உண்டு. தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எந்தச் செயலி அன்று வேலை செய்கிறதோ அதைப் போட்டுக்கொள்வார்கள். "இது எடுக்குது, இத போடுங்க" என்று ஒருவர் சொல்ல, அங்கே ஒரு போனிலும் இங்கே ஒரு போனிலும் புதிய செயலி ஏறும். அப்படித்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் டூடொக் பரவியது. மற்றவை தடைபட்டிருந்த இடத்தில் அது இலவசமாக, தடையில்லாமல் எடுத்தது. அந்த வருஷம் டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி எழுதியது. கூகுளும் அப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்தன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

அந்தச் செய்தியில் என்னை உறுத்தியது ஒன்றுதான். செயலியைப் பிரித்துப் பார்த்த நிபுணர்கள் அதற்குள் கள்ளத்தனமான நிரல் எதையும் காணவில்லை. அது கேட்டதெல்லாம் எல்லா அழைப்புச் செயலிகளும் கேட்கிற அனுமதிகள்: மைக், கெமரா, தொடர்பு நம்பர்கள், இருப்பிடம். கேட்டது நியாயம், கொடுத்ததும் நியாயம். பேசுவதற்கென்று போடும் செயலிக்கு மைக்கைக் கொடுக்காமல் எப்படிப் பேசுவது? அனுமதியைச் சரிபார்ப்பது மட்டும் போதாது, அனுமதி பெற்றுக்கொள்கிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று டூடொக் காட்டியது. பிள்ளையின் குரலுக்காகக் கிடைத்ததைப் போட்டுக்கொண்ட ஒரு தாய் மீது இதில் எந்தப் பழியும் இல்லை.

பெரிய நிறுவனங்களும் விலக்கில்லை. "ஓகே கூகுள்", "ஹேய் சிரி" என்று கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும் உதவியாளருக்காகப் போனில் ஒரு சின்னப் பகுதி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். சில விநாடி ஒலியை மட்டும் வைத்திருந்து, கூப்பிட்ட சொல் இல்லையென்றால் அழித்துவிடும். கேட்ட சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டு விழித்தால், அதற்குப் பிறகு பேசுவது நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடும். அப்படிப் போனவற்றில் ஒரு பகுதியைத் தரம் பார்ப்பதற்காகக் கூலிக்கு அமர்த்திய மனிதர்கள் கேட்டார்கள் என்பது 2019இல் அமேசன், கூகுள், அப்பிள், பேஸ்புக் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிரி வழக்கில் அப்பிள் 2025 ஜனவரியில் 95 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சம்மதித்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல். குரல் உதவியாளரைப் பாவிக்காதவர்கள் அதை அணைத்துவிடலாம். அக்கா அதை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அணைத்தோம்.

இப்போது கதவுக்கு வருவோம். ஆண்ட்ரொய்ட் போனுக்குள் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி இலக்கம் உண்டு. எந்தச் செயலியும் மைக்கைத் தானாகத் தொட முடியாது. மைக்கின் சாவி இயங்குதளத்தின் ஒலிப் பகுதி ஒன்றின் கையில் மட்டும் இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரில் யார் என்ன கேட்டாலும் பொறுப்பாளர் சிட்டையைப் பார்த்துத்தான் எடுத்துக்கொடுப்பார் இல்லையா, அதுபோல. செயலி கேட்கும். ஒலிப் பகுதி, இந்த இலக்கத்துக்கு அனுமதி உண்டா என்று பதிவைப் பார்க்கும். இருந்தால் ஒலியைக் கொடுக்கும். இல்லையென்றால் கொடுக்காது. அந்தப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவர் நாம்தான். திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும்போது நாம் தொடும் அந்த ஒரு தொடுகை.

இந்தக் கேள்விப் பெட்டியே பழையதல்ல. 2015இல் ஆண்ட்ரொய்ட் 6 வரும் வரைக்கும் செயலியைப் போடும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் செயலியே கிடையாது. ஐபோனில் மைக்குக்குக் கேள்வி வந்தது 2013இல். 2018இல் ஆண்ட்ரொய்ட் 9 வந்தபோது, திரையில் திறந்திராத செயலி பின்னாலிருந்து மைக்கைத் தொடுவது அடைபட்டது. 2020இல் ஆண்ட்ரொய்ட் 11, 'இந்த ஒரு முறை மட்டும்' என்ற பதிலைக் கொண்டுவந்தது. பல மாதம் திறக்காமல் கிடக்கும் செயலியின் அனுமதியைத் தானாகப் பறித்துக்கொள்ளவும் தொடங்கியது. அதே வருஷம் ஐபோனில் மைக் திறந்திருந்தால் செம்மஞ்சள் புள்ளி வந்தது. 2021இல் ஆண்ட்ரொய்ட் 12, திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளத்தைக் காட்டத் தொடங்கியது.

அந்தப் பச்சைதான் எனக்கு இவற்றில் எல்லாம் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும். அக்காவின் போன் குவைத்திலிருக்கும் மகள் வாங்கி அனுப்பியது, ஆண்ட்ரொய்ட் 12க்குப் பிந்தையது. வாட்ஸ்அப்பில் குரல் செய்திக்கான படத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மேல் மூலையில் பச்சையில் ஒரு மைக் படம் எழுந்து, சுருங்கிப் புள்ளியானது. விரலை எடுத்ததும் சில விநாடியில் போய்விட்டது. மூன்று நான்கு தடவை அழுத்தி, எடுத்து, அழுத்திப் பார்த்தார். "இது இத்தன நாளா வந்துகிட்டுதான் இருந்துச்சா?" என்றார்.

அதே போனில் தனியுரிமைப் பகுதிக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. கடந்த 24 மணித்தியாலத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு மைக்கை எடுத்தது என்று அதில் தெரியும். "செக்ரோல் மாதிரி" என்றார் அக்கா. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. யார் வேலைக்கு வந்தார், எப்போது வந்தார் என்று பெயர் விழுகிற பட்டியல். தன் பெயர் செக்ரோலில் சரியாக விழுந்திருக்கிறதா என்று இருபது வருஷமாகப் பார்த்து வந்த கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. அவரே விரலால் தள்ளிக்கொண்டு போனார். வாட்ஸ்அப், வாட்ஸ்அப், இமோ, திரும்ப வாட்ஸ்அப். பிறகு மகன் விளையாடும் பிரீ பயர், மாலை ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரை.

அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம். அந்த விளையாட்டில் குழுவாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். அதற்காகத்தான் மைக். மகன் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆடுவான். பின்னால் அடுப்படியில் அம்மாவும் தங்கச்சியும் நகை அடகு வைத்த கதையையும், குவைத்திலிருந்து எந்தத் தேதியில் காசு வரும் என்பதையும் பேசிக்கொண்டிருப்பார்கள். யார் என்றே தெரியாத மூன்று பேரின் காதில் அது அப்படியே விழும். அரிசி வாளிக்குள் போனை ஒளித்துவைத்த வீடு அது. அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவன் ஒருநாளும் அப்படி யோசித்திருக்கவில்லை. விளையாட்டின் மைக் அனுமதியை 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றினோம். கூட்டாளிகளோடு பேசி ஆட வேண்டுமென்றால் வெளியே போய், கேட்டால் கொடு, என்று அவனிடமே பொறுப்பை விட்டோம்.

மைக் அனுமதி பெற்றிருந்த செயலிகளை எண்ணினோம். 17. அதில் ஒரு டோர்ச் லைட், ஒரு நாட்காட்டி, மூன்று போட்டோ அலங்காரச் செயலிகள், மூடிப்போன ஏதோ கடன் செயலி ஒன்று. "இதுக்கெல்லாம் நான் எப்ப குடுத்தேன்?" என்று கேட்டார். போனை முதலில் திறந்து கொடுத்தது டவுனில் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில். பெட்டி வந்து கேட்ட ஒவ்வொன்றுக்கும் கடைத் தம்பி படபடவென்று 'அலோ' தொட்டிருக்கிறார். பெட்டியில் இருந்தது ஆங்கிலம். ஆங்கிலம் வாசிக்காத ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாக எண்ண மாட்டேன். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் என்றால் சுயவிருப்பில், குறிப்பிட்ட காரியத்துக்காக, விளங்கிக்கொண்டு கொடுப்பது என்றுதான் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. சட்டம் தோட்டத்துக்கு வந்து சேர நாளாகும். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்ற இரண்டு நிமிஷம் போதும். முதலில் அதைச் செய்தோம். அதன் பிறகு 17ஐயும் அவரே வாசித்து, அவரே முடிவெடுத்தார். வாட்ஸ்அப், இமோ, கெமரா, தட்டச்சுப் பலகை ஆகிய நான்கும் நின்றன. பிரீ பயர் கேட்டுக்கொண்டு வரும். மற்றவை போயின. டோர்ச் லைட் அனுமதி இல்லாமலும் எரிந்தது.

தட்டச்சுப் பலகையை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நகரத்திலிருந்து எழுதுகிறவர்கள் மைக்கை அணைத்தே வையுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுக் கொழுந்துக்குப் போன பெண்ணுக்கு மைக்தான் பேனா. குவைத்துக்குப் போகும் கடிதமெல்லாம் குரலாகத்தான் போகிறது. 2017இல் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்த பிறகு, பேசினால் எழுத்தாகிற வசதியும் வந்தது. மகனுடைய டீச்சருக்கு அவர் அனுப்பும் செய்தி அப்படித்தான் எழுதப்படுகிறது. அதைப் பிடுங்கிவிட்டு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மைக்கைத் தொடாமலே குரலை எடுக்கும் வழி ஒன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மகனின் பிறப்புச் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்க அக்கா போன மாதம் ஒரு கடைக்குப் போயிருந்தார். படம் வாட்ஸ்அப்பில் இருந்தது. கடையின் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, கட்டம் கட்டமாக இருந்த குறியீட்டைப் போனால் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரிண்ட் வந்தது, காசு கொடுத்தார், வந்துவிட்டார். இணைப்பை யாரும் வெட்டவில்லை. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பக்கத்தைத் திறந்தால் அந்தக் கணினி இன்னும் அங்கே இருந்தது. மகளோடு பரிமாறிய ஒவ்வொரு குரல் செய்தியும் ஒரு மாதமாக அந்தக் கடைக் கணினிக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாராவது கேட்டார்களா என்று சொல்ல வழியில்லை. கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வாட்ஸ்அப் 2016இலிருந்து செய்திகளைப் பூட்டி அனுப்புகிறது, வழியில் யாரும் திறக்க முடியாது. ஆனால் இரண்டு முனைகளிலும் அது திறந்துதான் இருக்கும். அந்தக் கடைக் கணினியும் ஒரு முனைதான். பெயரைத் தொட்டு வெளியேற்றினோம். அதற்கு நான்கு விநாடி ஆனது. இனிமேல் பிரிண்டுக்குப் போனால் படத்தைக் கடையின் நம்பருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அதுதான் நல்லது.

பெகசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் இந்த அனுமதிகளையெல்லாம் தாண்டிப் போகக்கூடியவை. அரசுகளுக்கு விற்கப்படும் அவை பத்திரிகையாளர்களையும் செயற்பாட்டாளர்களையும் குறிவைப்பவை. அவற்றுக்கு எதிராக இந்தப் பக்கங்களில் செய்யக்கூடியது அதிகமில்லை. போனை அவ்வப்போது புதுப்பித்து வைப்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் மற்றவரை வேவு பார்க்கப் போடும் செயலிகள் அவற்றைவிட நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. போன் சில நிமிஷம் அவர்கள் கையில் கிடைத்தால் போதும். அவை பெரும்பாலும் 'அணுகல்தன்மை' என்ற அனுமதிக்குள் ஒளிந்துகொள்ளும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதற்காக ஏற்பட்ட அனுமதி அது. அதைப் பெற்ற செயலி திரையில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கலாம், மைக்கை விடப் பெரிய கதவு. அந்தப் பக்கத்தில் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் மைக்கைப் பற்றிக் கவலைப்படும் முன் அதைக் கவனியுங்கள். போனைச் சோதிப்பது தெரிந்தால் வீட்டில் ஆபத்து என்று நினைக்கும் பெண்கள் அதை அகற்றும் முன் வேறொரு போனிலிருந்து 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குப் பேசுவது நல்லது.

மழை விட்டிருந்தது. புறப்பட எழுந்தபோது தங்கச்சி தன் போனைக் கொண்டுவந்தார். கொழும்பில் வேலை செய்யும் புருஷன் பாவித்துக் கொடுத்த பழைய போன். அமைப்புகளில் பார்த்தால் ஆண்ட்ரொய்ட் 8.

"இதுல அந்தப் பச்சை வராதா சேர்?"

வராது என்றேன். 24 மணித்தியாலப் பட்டியலும் இதில் இல்லை. 'இந்த ஒரு முறை மட்டும்' என்பதும் இல்லை. மலையகத்தில் கைமாறி வரும் போன்கள் பலவற்றின் நிலைமை இதுதான். பாதுகாப்பு வசதிகள் புதிய போனுக்கே முதலில் வருகின்றன, பழைய போன் வந்து சேருவது காசு குறைந்தவர் கையில். ஆனாலும் எது மைக்கை எடுக்கலாம், எது எடுக்கக்கூடாது என்ற பட்டியல் இதிலும் இருக்கிறது. செயலிகள், அனுமதிகள், மைக் என்று உள்ளே போனோம். முதலில் பார்த்தது கூகுள் கணக்கு. இன்னும் புருஷனுடைய பெயரிலேயே இருந்தது. இவர் தேடுவதெல்லாம் அவருக்கும், அவர் தேடுவதெல்லாம் இவருக்கும் தெரிகிற மாதிரி. "இருக்கட்டும், அவருதானே" என்றார். அது அவருடைய முடிவு, அதில் நான் தலையிடவில்லை. மைக் பட்டியலில் மட்டும் ஒவ்வொன்றாக அணைத்தோம். வாட்ஸ்அப்பையும் இமோவையும் விட்டோம்.

எல்லாவற்றையும் மூடிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். கொழும்புக்கு அழைத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பஸ் சத்தம்.

"நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. சொல்லு."